கப்பர் சிங்கின் இரண்டு முடிவுகள்

'ஷோலே' இந்திப் படத்தின் கடைசிக் காட்சியை நாம் திரையரங்குகளில் ஐம்பது ஆண்டுகளாக ஒரே விதமாகத்தான் பார்த்துவந்திருக்கிறோம். இரு கைகளையும் இழந்த தாக்கூர், ஆணி பதித்த செருப்புக் கால்களால் கொள்ளைக்காரன் கப்பர் சிங்கை உதைத்துத் தள்ளுகிறார். உயிர் போகும் தறுவாயில் போலீஸ் வந்து தடுக்கிறது. ஆனால் இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த காட்சியில் போலீஸ் வருவதே இல்லை. கப்பர் சாகிறான், தாக்கூர் உடைந்து அழுகிறார். 1975 ஜூன் மாதம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. படம் ஆகஸ்ட் 15 அன்று வெளியாக வேண்டும். முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவர் தானே தண்டனை கொடுப்பதைத் தணிக்கைத் துறை ஏற்கவில்லை. முடிவை அவசர அவசரமாக மாற்றி எடுத்தார்கள். அன்று விலக்கப்பட்ட முடிவோடு மீட்டெடுக்கப்பட்ட படம் 2025 ஜூன் 27 அன்று இத்தாலியின் பொலோன்யா நகரச் சதுக்கத்தில் திரையிடப்பட்டது. டிசம்பர் 12 அன்று 'ஷோலே: தி ஃபைனல் கட்' என்ற பெயரில் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது.

இதை ரசிகர்களுக்கான கூடுதல் சலுகையாகச் சிலர் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படத்தின் முதுகெலும்பே இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. சலீம்–ஜாவேத் எழுதிய கதையில் தாக்கூர் வீரு, ஜெய் என்ற இரண்டு திருடர்களை வரவழைத்து, கப்பரை உயிரோடு பிடித்துத் தரச் சொல்கிறார். கடைசியில் வீரு அவனைக் கொல்லப் போகும்போது, இறந்துபோன ஜெய் கொடுத்த வாக்கைச் சொல்லியே கப்பரைத் தன்னிடம் விடச் சொல்கிறார் தாக்கூர். இவ்வளவும் ஒரு மனிதன் தன் கணக்கைத் தானே தீர்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. போலீஸ் வந்து நின்றதும் அந்த வாக்குக்குப் பொருள் இல்லாமல் போகிறது. கப்பர் சாகும் முடிவு பழிவாங்கலைக் கொண்டாடுவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இயக்குநரின் முடிவில் வெற்றிக்களிப்பு இல்லை. கப்பரைக் கொன்ற பிறகும், அவனிடம் பலியான தன் மகன்களும் பேரனும் திரும்பப்போவதில்லை என்ற வெறுமைதான் அந்த அழுகை. தணிக்கைக்காக எடுத்த முடிவோ, அடியையும் உதையையும் ரசிக்கவிட்டு அதன் சுமையை மட்டும் தாக்கூரின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. இரண்டில் வன்முறையை லேசாக்குவது எது?

போலீஸ் வரும் முடிவோடுதானே மக்கள் இந்தப் படத்தை நேசித்தார்கள் என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், அதனால்தான் 1975இல் வெளியான வடிவமும் அழியக் கூடாது. அது ஒரு காலத்து அரசு சினிமாவின் மேல் வைத்த கையின் தடம். 'பிளேடு ரன்னர்' படத்துக்கு ரிட்லி ஸ்காட் 2007இல் இறுதி வடிவம் தந்தபோது, முந்தைய வடிவங்களும் அதே டிவிடி தொகுப்பில் கிடைத்தன. பின்பற்ற வேண்டிய வழி அது.

ஆனால் எந்த வடிவத்தைக் காட்டுவது என்ற விவாதமே, படச்சுருள் பிழைத்திருந்தால்தான். 'ஷோலே'யின் அசல் 35 எம்எம் நெகட்டிவ் வினிகர் சிண்ட்ரோம் தாக்கிக் கெட்டுப்போயிருந்தது. அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, புளித்த நெடியோடு சுருங்கிப்போகும் நிலை அது. 70 எம்எம் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மும்பையிலும் இங்கிலாந்திலும் கிடங்குகளில் கிடந்த இடைநிலைப் பிரதிகளைத் தேடி எடுத்து, சிவேந்திர சிங் துங்கர்பூரின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் சிப்பி ஃபிலிம்ஸும் சேர்ந்து மூன்று ஆண்டுகள் உழைத்தன. யாரோ ஒருவர் இந்தப் பெட்டிகளைக் குப்பையில் போட்டிருந்தால், மங்கலான பழைய வீடியோ பிரதிகளைத் தவிர வேறு கதி இருந்திருக்காது.

தெலுங்கு சினிமாவின் மையமான ஹைதராபாத் இதைத் தன் விஷயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனின் படப் பாதுகாப்புப் பயிலரங்கு அங்கே அன்னபூர்ணா ஸ்டுடியோ வளாகத்தில்தான் நடந்தது. 2025 அக்டோபர் 31 அன்று தெலுங்கு இயக்குநர் ராஜமௌலி தன் இரண்டு 'பாகுபலி' படங்களையும் ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சுருக்கி ஒரே படமாகத் தந்தார். பாடல்களும் அவந்திகா என்ற பாத்திரத்தின் காதல் பகுதியும் பெரிதும் குறைந்தன. மூலக் காட்சிகள் கைவசம் இருந்ததால் அவரால் இது முடிந்தது. இன்று படங்கள் வன்தட்டுகளில் பதிகின்றன. வன்தட்டுக்குப் புளித்த நெடி வராது, முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும். ஆகவே ஒவ்வொரு தயாரிப்பாளரும் தணிக்கைக்கு முந்தைய வடிவத்தையும் வெட்டிய காட்சிகளையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கோ நாடாவுக்கோ மாற்றிக்கொண்டே வர வேண்டும். அதற்கான செலவைப் படத்தின் பட்ஜெட்டிலேயே, விளம்பரச் செலவுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.