மிதித்தால் ஏன் தயங்குகிறது?

திருச்சியிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் விராலிமலை வரும். மலைமேல் முருகன் கோயில். மலையைச் சுற்றி மயில்கள். ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் நாற்கரச் சாலையில் இரவு பகலாகப் பேருந்துகளும் லாரிகளும் விரைந்தவண்ணம் இருக்கும்.

உங்கள் சித்தப்பா புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. குடும்பத்தோடு திருச்சிக்குப் புறப்படுகிறீர்கள். ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடம். வலப்பக்கம் தொலைவில் ஒரு பேருந்து வருகிறது. “போய்விடலாம்” என்று சித்தப்பா காரைச் சாலையில் இறக்கி, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். கார் சீறிப் பாய வேண்டாமா? அதுதான் இல்லை! ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் நிற்கிறது. பிறகே வேகம் பிடிக்கிறது. பின்னால் பேருந்தின் ஒலிப்பான் அலறுகிறது.

“புது வண்டி, போகப் போகச் சரியாகிவிடும்” என்கிறார் ஒருவர். “பெட்ரோல் சரியில்லை” என்கிறார் மற்றொருவர். உண்மை என்ன? நாமே ஆராய்ந்து பார்ப்போமா?

இரண்டு நொடியின் விலை

முதலில் ஒரு சிறு கணக்கு. பேருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். கார் இரண்டு நொடி தயங்கினால், அதற்குள் பேருந்து 44 மீட்டர் நெருங்கிவிடும். இது இரண்டு கிரிக்கெட் ஆடுகளங்களின் நீளத்தைவிட அதிகம். சித்தப்பா மனக்கணக்காகப் போட்ட இடைவெளியில் இந்த 44 மீட்டர் சேரவே இல்லை. ஆகவே இது வெறும் சொகுசுக் குறை அன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

மிதிப்பது எதை?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் திறப்பது காற்றுக்கான கதவை! எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயில் வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. நாம் மிதிக்கும்போது அது திரும்பி வழிவிடுகிறது. காற்று உள்ளே பாய்கிறது. அந்தக் காற்றின் அளவுக்கு ஏற்ப பெட்ரோல் சேர வேண்டும்.

எவ்வளவு சேர வேண்டும்? ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. வேறுவிதமாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையில் ஆள் உயரத்துக்கு மேல் நிரம்பி நிற்கும் காற்று அது! சோற்றுக்கு உப்புப்போல் இந்த விகிதம் முக்கியம். பெட்ரோல் மிகவும் குறைந்தால் கலவை சரியாகப் பற்றாது. மிகுந்தால் கரும்புகையாக வீணாகும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. காற்று இலேசானது, கதவைத் திறந்தவுடன் பாய்ந்துவிடும். பெட்ரோலோ திரவம், கனமானது. அதன் துளிகளில் ஒரு பகுதி குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்ல ஆவியாகும். திடீரென்று மிதித்தால் காற்று முந்திக்கொள்கிறது, பெட்ரோல் பிந்திவிடுகிறது. அந்த ஒரு கணம் கலவை நீர்த்துப்போகிறது. எஞ்சின் தயங்குகிறது! குளிர்ந்த காலை வேளையில் குழாயின் சுவரும் குளிர்ந்திருப்பதால் பெட்ரோல் இன்னும் மெதுவாகவே ஆவியாகும். அப்போது தயக்கமும் கூடும்.

பழைய வண்டிகள் செய்த தந்திரம்

இந்தச் சிக்கல் காரின் வயதை ஒத்தது. பெட்ரோலைக் காற்றில் தூவிக் கலக்கும் கார்புரேட்டர் 1893-ஆம் ஆண்டில் உருவாயிற்று. ஹங்கேரி நாட்டுப் பொறியாளர்களான பான்கி, சோன்கா இருவரும், ஜெர்மனியில் மேபாக் என்பவரும் அந்த ஆண்டில் தனித்தனியே அதை அமைத்தார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின்மேல் ஊதி நீர் தெளிப்பதைக் கண்டுதான் ஹங்கேரியருக்கு அந்த எண்ணம் தோன்றியது என்று ஒரு கதை சொல்வார்கள்.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றிலும், 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரிலும் கார்புரேட்டரே இருந்தது. தயக்கத்தைப் போக்க அதற்குள் ஒரு குட்டிப் பம்பு வைத்தார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் அந்தப் பம்பு கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீச்சும். பிந்தி வரும் பெட்ரோலுக்கு அது ஈடு செய்யும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. கார்புரேட்டரின் குட்டிப் பம்புக்கும் அதே கதிதான். வாஷர் தேய்ந்ததும் கார் தயங்கத் தொடங்கும். மெக்கானிக் அதை மாற்றியதும் சரியாகிவிடும்.

கோடையில் வேறொரு தொல்லை. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, குமிழியாக அடைத்துக்கொள்ளும். வண்டி திணறி நின்றுவிடும். ஓட்டுநர்கள் மூடியைத் திறந்து பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும், பம்பு குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே விதி!

இன்றைய கார்களில்

2000-ஆம் ஆண்டை ஒட்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததும் நம் நாட்டுப் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. இப்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு நுண்துளைக் குழல் பெட்ரோலைத் தூவுகிறது. எவ்வளவு நேரம் தூவ வேண்டும் என்பதை ஒரு சிறு கணிப்பொறி முடிவு செய்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு குழலும் நொடிக்கு 25 முறை தூவுகிறது. ஒவ்வொரு முறைக்கும் தனிக் கணக்கு!

கணக்குப் போடத் தகவல் வேண்டுமே? அதற்காகப் பல உணரிகள் உள்ளன. ஒன்று உள்ளே வரும் காற்றை அளக்கிறது. ஒன்று எஞ்சினின் சூட்டைச் சொல்கிறது. ஒன்று புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து, “கலவை நீர்த்துவிட்டது, கூட்டு” என்றோ, “மிகுந்துவிட்டது, குறை” என்றோ தெரிவிக்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு மிதிகட்டைக்கும் காற்றுக் கதவுக்கும் இடையே ஒரு கம்பி இருந்தது. பல புதிய கார்களில் கம்பி கிடையாது. எவ்வளவு மிதித்தீர்கள் என்பது மின்குறிப்பாகக் கணிப்பொறிக்குப் போகும். அதுவே ஒரு மோட்டாரைக் கொண்டு கதவைத் திறக்கும். வண்டி குலுங்காமல் இருக்கவும், புகை குறையவும் கதவைச் சற்று மெல்லத் திறக்கும்படி அமைத்திருப்பார்கள். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் மிகக் கடுமையானவை. ஆகவே கணிப்பொறியும் கையை இறுக்கியே செலவழிக்கிறது.

குணமா, கோளாறா?

ஆகவே எல்லாத் தயக்கமும் கோளாறு அல்ல. சில வண்டிகளுக்கு அது பிறவிக் குணம்.

டர்போ பொருத்திய எஞ்சினைப் பாருங்கள். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் ஒரு காற்றாடி, உள்ளே காற்றை அழுத்தித் திணிக்கிறது. நாம் மிதித்த பிறகுதான் புகை பெருகும். புகை பெருகிய பிறகுதான் காற்றாடி விரையும். இடையில் ஒரு கணம் காத்திருக்கத்தான் வேண்டும். கிளட்ச் மிதி இல்லாத சில சிறிய கார்களில், கிளட்சை விட்டுக் கியரை மாற்றும் வேலையை ஓர் இயந்திரக் கை செய்கிறது. அது கியர் மாற்றும் கணத்தில் சக்கரத்துக்கு விசை போகாது. வண்டி தலையை ஆட்டி நிற்பதுபோல் தோன்றும்.

சில வேளைகளில் தவறு ஓட்டுபவருடையது. உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே மிதித்தால் எஞ்சின் முக்கி முனகும். கியர் வைத்த சைக்கிளில் கடினமான கியரைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவது போன்றது அது.

சரி, கோளாறை எப்படி அறிவது? முன்பலகையில் எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் ஒன்று இருக்கும். பாதுகாப்பான, ஆளில்லாத சாலையில் பெரியவர் ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து அந்த முள்ளைக் கவனியுங்கள். (ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும்!) சாதாரண, கிளட்ச் உள்ள காரானால் இரண்டில் ஒன்று நடக்கும்.

ஒன்று, மிதித்தவுடன் முள் சட்டென்று ஏறுகிறது, ஆனால் வண்டியின் வேகம் ஏறவில்லை. அப்படியானால் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது. விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்று ஐயுறலாம்.

இரண்டு, முள்ளே ஏற மறுக்கிறது. அப்படியானால் எஞ்சினுக்குத்தான் பசி. காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது.

காற்று குறைந்தால், வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கலாம். காற்றுக் கதவில் கரி படிந்திருக்கலாம். குழாயில் விரிசல் இருந்தால் அளக்கப்படாத காற்று திருட்டுத்தனமாக நுழைந்து கணக்கைக் கெடுக்கும். எரிபொருள் குறைந்தால், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம்; வடிகட்டி அடைத்திருக்கலாம். தீப்பொறி வலுவிழந்தால், ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். நிறுத்தி வைத்த காரில் எலி புகுந்து கம்பியைக் கடித்திருப்பதும் நம் ஊர்களில் அரிதல்ல!

ஒருவர் ஓட்டிக் கைமாறிய காரை வாங்கியிருந்தால் இந்தப் பட்டியல் மிகவும் முக்கியம். நெடுநாள் நின்ற வண்டியின் தொட்டியில் நீர் சேர்ந்திருக்கக்கூடும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை இழுக்கும் இயல்புடையது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கணிப்பொறி சற்றுக் கூடுதலாகத் தூவ வேண்டியிருக்கிறது. இதற்கென அமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் உறுப்புகள் கெடவும் வாய்ப்புண்டு.

சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள்

“வண்டி இழுக்கவில்லை” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கால் கண்டுபிடிப்பது கடினம். ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காலையிலா, சூடான பிறகா? எந்தக் கியரில்? எந்த வேகத்தில்? குளிர்சாதனம் ஓடியதா? எத்தனை பேர் இருந்தார்கள்? முன்பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்ததா? பத்து முறை எழுதினால் ஒரு ஒழுங்கு தானாகத் தெரியும். டாக்டரிடம் காய்ச்சல் எப்போது வந்தது என்று சொல்வதுபோல்தான் இது.

கணிப்பொறி தான் கண்ட பிழைகளை எண்களாகச் சேமித்து வைத்திருக்கும். ஒரு கருவியைச் செருகி அவற்றைப் படிக்கலாம். விளக்கு எரியாவிட்டாலும் படிக்கச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று ஓட்டிக் காட்ட வேண்டும். புது வண்டியானால், உத்தரவாதக் காலத்துக்குள் குறையை எழுத்தில் கொடுத்து, பதிவு செய்த தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். “எல்லா வண்டியும் இப்படித்தான்” என்று சொன்னால், அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வண்டியை ஓட்டிப் பார்த்து ஒப்பிடலாம். அதுவும் அதே அளவு தயங்கினால் குணம்; இதுமட்டும் தயங்கினால் கோளாறு. இதுவே அறிவியல் முறை.

அதுவரை? முன்கூட்டியே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் சேரும்போது வழக்கத்தைவிடப் பெரிய இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த 44 மீட்டரை மறக்கவே கூடாது.

செய்து பாருங்கள்

இரண்டு மீட்டர் நீளமுள்ள, உலர்ந்த ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, சரிவாகப் பிடியுங்கள். மேல் முனையில் இரண்டு தேக்கரண்டி நீர் ஊற்றி, கீழ் முனையில் ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். எத்தனை கரண்டி கிடைத்தது? உடனே, உலர விடாமல், மீண்டும் அதே அளவு ஊற்றுங்கள். இப்போது எவ்வளவு?

முதல் முறை ஒரு பகுதி நீர் குழாயின் சுவரிலேயே தங்கிவிடும். சுவர் நனைந்த பிறகு ஊற்றியது ஏறத்தாழ முழுவதும் வந்து சேரும். மிதித்த கணத்தில் பெட்ரோல் பிந்துவதும் இப்படித்தான். பழைய காரின் குட்டிப் பம்பும் புதிய காரின் கணிப்பொறியும் சுவரில் தங்கும் அந்தக் கொஞ்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்து ஊற்றுகின்றன. அந்தக் கணக்கு எங்கே தவறுகிறதோ, அங்கேதான் உங்கள் சித்தப்பாவின் கார் தயங்குகிறது!