மின்சாரக் கொள்கைக்கு ஆலோசனை சொல்பவர்: எமது பிள்ளைகள் எட்டிப் பார்க்காத ஒரு தொழில்

மின்கட்டணம் கூடினால் மின்சார சபையைத் திட்டுகிறோம். மின்வெட்டு வந்தால் அமைச்சரைத் திட்டுகிறோம். இவர்களுக்குப் பின்னால் எந்த ஆண்டில், எந்த எரிபொருளில், எத்தனை மெகாவோட் நிலையம் கட்டுவது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரை நாம் காண்பதேயில்லை. அரசின் எரிசக்தி, சூழல் கொள்கை ஆலோசகர் என்பது அவரது பதவி.

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. பேராசிரியர் மொஹான் முனசிங்க எமது நாட்டவர். கொழும்பு றோயல் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் பொறியியல் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேற்படிப்பு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம். அத்துடன் நிற்காமல் பொருளியலிலும் முதுமாணி முடித்தார். அவரது தொழில் வாழ்க்கைக்கு அடித்தளமானது அந்தக் கடைசிப் பட்டம்தான் என்பது என் அபிப்பிராயம். மின்பிறப்பாக்கி எப்படி இயங்குகிறது என்று சொல்லப் பொறியியலாளர் பலர் உண்டு. அதற்குரிய பணத்தை யார், எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்பவரே அரசுக்குத் தேவை.

உலக வங்கியில் பணியாற்றிய காலத்தில், 1979 இல், மின்விநியோக நம்பகத்தன்மையின் பொருளியல் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் அடிப்படை எளிமையானது. மின்சாரம் ஒருபோதும் தடைப்படாதபடி வலையமைப்பைக் கட்டலாம், ஆனால் செலவு தாங்காது. மலிவாகக் கட்டினால் மின்வெட்டு வரும். அந்த மின்வெட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது: நின்றுபோன தையல் இயந்திரம், பழுதான மீன், இருட்டில் படிக்க முடியாத பிள்ளை. மின்சார சபையின் கணக்கேட்டில் வராத இந்த நட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்பே எவ்வளவு முதலிடுவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பதே அவரது வாதம்.

1980களில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் சிரேஷ்ட எரிசக்தி ஆலோசகராக இருந்தார். எண்ணெய், மின்சாரம், விறகு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார். விறகா என்று சிரிக்க வேண்டாம். அன்று பெரும்பாலான வீடுகளின் அடுப்பு எரிந்தது விறகில்தான். 1992 ரியோ புவி உச்சிமாநாட்டில், பொருளாதாரம், சமூகம், சூழல் மூன்றையும் ஒன்றாக எடைபோடும் தனது அணுகுமுறையை முன்வைத்தார். பின்னர் ஐ.நா.வின் காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழுவின் உப தலைவரானார். 2007 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசை அல் கோருடன் பகிர்ந்துகொண்டது அந்தக் குழுவே. 2021 இல் ஜப்பானின் புளூ பிளனட் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அப்பரிசைப் பெற்ற மற்றவர் தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன்.

ஆனால் ஆலோசகரிடம் கையெழுத்திடும் அதிகாரம் கிடையாது. அவர் சொல்லலாம், கேட்பதும் விடுவதும் அரசியல்வாதியின் விருப்பம். ஆட்சி மாறினால் கோப்பு தூசி படியும். 2022 இல் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம் வரை இருளில் இருந்தோம். அதே ஆண்டு ஓகஸ்டில் 75 வீதக் கட்டண உயர்வு வந்தது. பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட தீர்மானங்களின் பில் அது.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின் தடைப்பட்டபோது எல்லோரும் பாணந்துறைக் குரங்கைப் பற்றிப் பேசினோம். விஷயம் குரங்கு மட்டுமல்ல. அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்பாவனை குறைவு. பகலில் சூரிய மின்சாரமோ அதிகம். நீர், அனல் மின் நிலையங்களில் சுழலும் பாரமான இயந்திரங்கள், வேகமாக ஓடும் சைக்கிள் சில்லைப் போல, சிறு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். கூரை மேல் உள்ள சூரியத் தகட்டில் அப்படிச் சுழலும் பாரம் இல்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டதும் இதே காரணத்தால்தான். தகடு பூட்டிய பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைத் தெரிந்திருப்பது நல்லது. தகட்டோடு மின்கலச் சேமிப்பையும் திட்டமிடாவிட்டால் 2030 இல் 70 வீதம் என்ற புதுப்பிக்கத்தக்க இலக்கு காகிதத்திலேயே இருக்கும்.

எமக்கு இதில் என்ன? 900 மெகாவோட் நிலக்கரி நிலையம் நுரைச்சோலையில் நிற்கிறது. கொழும்பின் குப்பை புத்தளம் அருவக்காட்டுக்கு வந்தது. இரண்டுமே முஸ்லிம்கள் செறிந்து வாழும் மாவட்டம். நாம் வீதியில் இறங்கினோம். அது எமது உரிமை. ஆனால் திட்ட அறிக்கை மேசையில் இருந்த நாட்களில், அதை வரிக்கு வரி படித்து எண்ணால் பதில் எழுத எம்மில் எத்தனை பேர் இருந்தார்கள்? மீஸான் பற்றியும் வீண்விரயம் பற்றியும் குத்பாக்களில் கேட்கிறோம். அந்தத் தராசைப் பிடிக்கும் தொழிலுக்கு மட்டும் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளை மொறட்டுவையிலோ பேராதனையிலோ மின் பொறியியல் படித்த பிறகு பொருளியலில் ஒரு முதுமாணி செய்யலாம். வர்த்தகப் பிரிவுப் பிள்ளை பொருளியலில் தொடங்கிச் சூழல் பொருளியலுக்குள் போகலாம். சட்டம் படித்தவர்களுக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு போன்ற இடங்களில் வேலை இருக்கிறது. அதுவரை, ஒரு திட்டத்தின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் இருக்கின்றன. அடுத்த அறிக்கை வரும்போது பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு பிரதியை எடுத்து ஊரிலுள்ள இரண்டு ஆசிரியர்களிடமும் ஒரு பொறியியலாளரிடமும் கொடுக்கட்டும்.