ஆகாயத்தில் அஞ்சியதற்கு நஷ்டஈடு உண்டா?

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேரன் பேத்திகளைப் பார்க்க விமானம் ஏறுகிற பெரியவர்கள் நம் சங்கத்தில் அநேகம். வழியில் உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது ஆகிவிட்டால் விமான நிறுவனம் பொறுப்பேற்குமா?

வெளிநாட்டுப் பயணங்களுக்கு இதற்கான விடை 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. விமானத்திலோ ஏறி இறங்கும்போதோ ஒரு 'விபத்து' நடந்து, அதனால் மரணமோ 'உடற்காயமோ' ஏற்பட்டால் நஷ்டஈடு உண்டு என்கிறது அதன் 17ஆம் பிரிவு. முந்தைய வார்சா உடன்படிக்கையிலும் இதே கருத்துதான். வழக்கெல்லாம் இந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான்.

விபத்து என்றால் விமானம் விழுவது மட்டுமல்ல. பயணிக்குப் புறத்தே நிகழும், எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான சம்பவம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் விளக்கியது. நெடுநேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைந்தவர்கள் தொடுத்த வழக்குகள் 2005இல் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தோற்றன. வழக்கம்போலப் பறந்த விமானத்தில் விபத்து ஏது?

1998இல் ஏதென்ஸிலிருந்து அமெரிக்கா போன விமானத்தில் ஓர் ஆஸ்துமா நோயாளிக்குப் புகைபிடிப்போர் பகுதிக்கு அருகே இடம் கிடைத்தது. மனைவி மூன்று முறை கேட்டும் பணிப்பெண் இடம் மாற்றித் தரவில்லை. அவர் இறந்துபோனார். அந்த மறுப்பும் விபத்தில் சேரும் என்று 2004இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனசு விஷயம் இன்னும் சிக்கல். 1983இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் போன விமானத்தின் மூன்று எஞ்சின்களும் நின்றன. கடலில் இறங்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு எஞ்சின் உயிர்பெற்று எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள். வெறும் பயம் உடற்காயமாகாது என்று 1991இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் ஒரு படி முன்னே போனது: சிகிச்சையின்றித் தீராத அளவு மனநலம் கெட்டதாக நிரூபித்தால், உடலில் காயமில்லாவிட்டாலும் நஷ்டஈடு உண்டு. ஆனால் அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

2024 டிசம்பர் 28 முதல், 1,51,880 எஸ்.டி.ஆர். வரை, அதாவது ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல், தன்மேல் தவறில்லை என்று நிறுவனம் தப்பிக்க முடியாது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

ஆகவே, 'எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணணும்' என்று சும்மா இருக்காதீர்கள். உடம்பு சரியில்லையென்றால் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். இறங்கியதும் மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். கேட்டிருந்தால்தான் மறுத்தார்கள் என்று நாளைக்குச் சொல்ல முடியும்.