மென்பொருள்: வாங்கிய காலமும் வாடகைக் காலமும்

ஒருமுறை பணம் கட்டி வாங்கிய மென்பொருளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதே முன்பு வழக்கம். போட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013 மே மாதம் இதை மாற்றி அறிவித்தது. 2012இல் வெளியான ‘கிரியேட்டிவ் சூட் 6’ அந்த வரிசையில் நிரந்தர உரிமத்துடன் வந்த கடைசிப் பதிப்பு. அதன்பின் வந்தவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும்.

நிறுவனத்தின் கணக்கு எளிது. பழைய பதிப்பே போதும் என்று பலர் இருந்துவிட்டால் புதியது விற்காது. சந்தா என்றால் வருவாய் சீராக வரும். பயனருக்கும் தொடக்கச் செலவு குறைவு, புதிய வசதிகள் உடனுக்குடன் கிடைக்கும். ஆனால், பல்லாண்டு உழைப்பைச் சேர்த்து வைத்திருப்பவர் நிலை வேறு. சந்தா நின்றால் மென்பொருள் இயங்காது. கோப்பு அவர் கணினியிலேயே இருக்கும். உருவாக்கிய மென்பொருளில் அதைத் திருத்த முடியாது. பெட்டி நம்முடையது, சாவி வாடகைக்கு!

எனவே என் வகுப்பில், ஒரு கோப்பைச் சேமிக்கும் முன், ‘வேறு மென்பொருளிலும் இது திறக்குமா?’ என்று மாணவர்களைக் கேட்கச் சொல்கிறேன். அடோபி உருவாக்கிய பி.டி.எஃப். வடிவமே 2008இல் பன்னாட்டுத் தரமாகிப் பொதுவானது. வினாத்தாள்களையும் மாணவர் படைப்புகளையும் அதில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். திருத்த வேண்டிய ஆவணங்களுக்கு லிப்ரே ஆபிஸ், படங்களுக்குக் கிம்ப், வரைய இங்க்ஸ்கேப் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. அப்போது, நமக்குப் பின் அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியரும் அவற்றைத் திறந்து பயன்படுத்த முடியும்.