குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

தில்லியில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் நம்மவர் வீடுகளில், குழந்தை பிறந்ததும் எழும் முதல் கேள்வி இது. ஊரிலிருந்து பாட்டி வருகிறார். தில்லிக் குளிரும், இந்தி தெரியாத தனிமையும் அவரை நெடுநாள் இருக்க விடுவதில்லை. அவர் ரயிலேறியதும் தாயின் ராஜிநாமாக் கடிதம் தயாராகிறது. அதற்கு முன் சட்டம் தரும் வசதிகளை அறிந்துகொள்வது நல்லது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கையை வைத்தே குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பெண்களைக் குறைவாக வேலைக்கு எடுத்தால் காப்பகச் செலவு மிச்சம் என்று முதலாளி கணக்குப் போட இது வழி செய்தது. 2017ல் மகப்பேறு பயன் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தக் கணக்கு மாறியது. ஆண், பெண் என்று பாராமல் 50 ஊழியர்கள் இருந்தாலே காப்பக வசதி வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பும் அப்போது வந்ததுதான்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விதிகள் உள்ளன. அதோடு, பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தவும் அது இடமளிக்கிறது. ஆகவே 'எங்களிடம் இடமில்லை' என்பது சரியான பதில் அல்ல.

மத்திய அரசில் பணிபுரியும் பெண்களுக்கு 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதற்கும் மொத்தம் 730 நாட்கள். துணையின்றிக் குழந்தை வளர்க்கும் தந்தையருக்கும் 2018ல் இது கிடைத்தது.

அலுவலகமே இல்லாத தாய்மார்கள் என்ன செய்வார்கள்? 1969ல் ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்தில், கூலிப் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். அதுவே 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பாக வளர்ந்தது. நம் வீட்டுக் குழந்தையைப் பார்க்க வரும் ஆயாவுக்கும் குழந்தை இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்போம்.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பொம்மைகளையும் வர்ணச் சுவரையும் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை ஆயாக்கள், கழிப்பறை சுத்தமா, வெளிக்கதவுக்குக் காவல் உண்டா, பெற்றோர் சொல்லாமல் வந்தாலும் உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் அலுவலகத்தில் காப்பகம் இல்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட நான்கு பேர் கையெழுத்திட்டுக் கேட்பது பலன் தரும். அந்த நான்கு கையெழுத்தில் இரண்டாவது தகப்பன்மாருடையதாக இருக்கட்டும்.