மின்னஞ்சல் நிரலில் இணைப்புப் பிழைகள்: காரணம் அறியும் முறை

பாலக்காட்டிற்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் எலப்புள்ளி போன்ற ஓர் ஊரில், பள்ளியொன்று நாள்தோறும் மழையளவைக் குறித்து, சிறு கணினியின் மூலம் மின்னஞ்சலாக அனுப்பி வருவதாகக் கொள்வோம். ஐப்பசி மாதத்தில் இடிமழை பெய்து மின்சாரம் தடைப்பட்ட மறுநாள் அஞ்சல் நின்றுவிடுகிறது. உடனே கடவுச்சொல்லை மாற்றுவதும், நிரலைத் திருத்துவதும் வீண் முயற்சியாகும். வேலை எந்தப் படியில் நின்றது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

1982-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. விதிமுறையே, பிற்காலத் திருத்தங்களுடன், இன்றும் அஞ்சல் அனுப்புதற்கு ஆதாரமாகும். பைத்தான் மொழியின் எஸ்.எம்.டி.பி.லிப் போன்ற நூலகங்கள் இதனை நான்கு படிகளில் நிறைவேற்றுகின்றன.

முதற்படி, சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றுதல். இதில் தவறு நேரின், பெயரில் எழுத்துப் பிழை உளதா, இணையத் தொடர்பு உளதா என்று காண்க.

இரண்டாம் படி, சர்வரின் குறித்த போர்ட்டை அடைதல். இணைப்பு மறுக்கப்பட்டதாகச் செய்தி வரின், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் ஏற்பார் எவருமிலர் என்பது பொருள். நேரம் கடந்ததாக வரின், வழியில் தடை இருக்கலாம். 25-ஆம் எண் போர்ட்டை இணைய நிறுவனங்கள் பல அடைத்து வைத்துள்ளன. ஆதலின் 587 அல்லது 465 எண்ணையே உபயோகித்தல் நன்று.

மூன்றாம் படி, மறையாக்கம். 465-இல் தொடக்கம் முதலே மறையாக்கம் வேண்டும்; 587-இல் சாதாரணமாகத் தொடங்கி, 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' கட்டளைக்குப் பின்னரே அது அமையும். 465-இல் மறையாக்கமின்றி நுழைந்தால், சர்வரின் வரவேற்பை நிரலும், நிரலின் முதற்சொல்லைச் சர்வரும் எதிர்நோக்கி வாளா இருக்கும். சான்றிதழ் செல்லாது எனச் செய்தி வரின், கணினியின் தேதியைப் பார்க்க. மின்கலக் கடிகாரமில்லாத சிறு கணினி, மின்தடைக்குப் பின் பழைய தேதியைக் காட்டக்கூடும். நம் பள்ளியில் நேர்ந்ததும் இதுவே எனலாம். இதற்காகச் சான்றிதழ்ச் சோதனையையே நீக்கிவிடுவது, கடவுச்சொல்லைப் பிறர் கவர வழி செய்வதாகும்.

நான்காம் படி, அடையாளம் காட்டுதல். 535 என்னும் விடை, இணைப்பு செம்மையாக உள்ளது, அடையாளமே ஏற்கப்படவில்லை என்பதைக் குறிக்கும். 2022 மே மாத இறுதியிலிருந்து ஜிமெயிலில் தனியார் கணக்குகளுக்கு, இத்தகைய நிரல்களில் சாதாரணக் கடவுச்சொல் செல்லாது. 16 எழுத்துக் கொண்ட தனிச் செயலிக் கடவுச்சொல் போன்ற வேறு வழி தேவை.

அஞ்சலைச் செலுத்தியபின் 250 என்னும் விடை கிட்டும் வரை, அன்றைய மழையளவைக் கோப்பிலிருந்து அழித்தலாகாது. அறுந்த இணைப்பை மீண்டும் பெறலாம். இழந்த அளவைப் பெற இயலாது.