கையெழுத்து மகனுடையது, உடம்பு அம்மாவுடையது

மறதி நோய் முற்றிய அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு என்றால், அறுவை சிகிச்சைப் படிவத்தில் மகன்தான் கையெழுத்துப் போடுவார். வேறு வழியில்லை. ஆனால் எல்லோரும் மகனிடமே பேசிவிட்டு, கட்டிலில் கிடப்பவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஊசி குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நோயின் நுணுக்கம் அவருக்குப் புரியாமல் போகலாம். தன்னைத் தொடுவது யார், எதற்கு என்று தெரிய வேண்டாமா? அவர் தலையசைப்பதும் பதில்தான், கையை இழுத்துக்கொள்வதும் பதில்தான்.

சட்டம் சொல்வது

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நினைவாற்றலில் வரும் கடும் கோளாறுகளுக்கும் பொருந்தும். அதன் 4ஆம் பிரிவின்படி, மனநலச் சிகிச்சை பற்றிய முடிவைப் பேச்சால் மட்டுமல்ல, முகக்குறியாலும் சைகையாலும் தெரிவிக்கலாம். ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காகவே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2009இல், சண்டிகர் அரசுக் காப்பகத்தில் கருவுற்றிருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள இளம்பெண், குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே விரும்பினார். உயர் நீதிமன்றம் கருக்கலைப்புக்கு உத்தரவிட்டது; அவர் சம்மதமில்லாமல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது.

சோற்றில் ஒளித்த மாத்திரை

மாத்திரை போட மறுப்பவருக்குச் சாம்பார் சாதத்திலோ காபியிலோ பொடித்துக் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். இரவு பகலாகப் பார்த்துக் களைத்துப்போன மருமகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படும் மனச்சிதைவு நோயாளி அந்தக் கசப்பைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் பயம் உறுதியாகிவிடுகிறது. அப்புறம் சோற்றையே தொடமாட்டார்.

ஏன் மறுக்கிறார் என்று பாருங்கள். விழுங்கச் சிரமமா, வாய்ப்புண்ணா, பல்செட் உறுத்துகிறதா, மாத்திரையால் கை நடுக்கமா, மலச்சிக்கலா? சொல்லத் தெரியாத வலிதான் பல நேரம் ‘வேண்டாம்’ என்று வருகிறது. டாக்டரிடம் சொன்னால் திரவ மருந்தாகவோ, மாதம் ஒரு ஊசியாகவோ மாற்ற வழி இருக்கலாம். சற்று நேரம் விட்டு, அவருக்குப் பிடித்தவர் கையால் கொடுத்துப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் காத்திருக்க முடியாது. அப்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யலாம்.

சென்னை பாடியில் இருப்பவர்களுக்கு

டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, பாடியை ஒட்டிய அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. மனச்சிதைவு, மறதி நோய் இரண்டுக்கும் அங்கே போகலாம். டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. மறதி தொடங்கும்போதே, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நோயாளியையே கேட்டு எழுதி வையுங்கள். மனநலச் சிகிச்சைக்கு இப்படி எழுதிவைக்க மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5, 14ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன.